அந்த போனுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

குமரியில் முடங்கிய இணையம் முதல் ஸ்டேன் சுவாமியின் கணினி வரை... மனித உரிமைக் களத்தில் இருப்பவர்களுக்கு ஏன் டிஜிட்டல் பயிற்சி தேவை?

2018 மே 23, புதன்கிழமை. காலையில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்திருந்தன. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே பார்த்தாலும் மதிப்பெண் பேச்சு, வாட்ஸ்அப்பில் வாழ்த்துகள். மறுபக்கம், முந்தைய நாள் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியில் நடந்த துப்பாக்கிச்சூட்டின் காட்சிகள் ஒவ்வொரு போனிலும் ஓடிக்கொண்டிருந்தன. வேனின் மேல் ஏறி நின்று குறிபார்க்கும் மஞ்சள் டி-ஷர்ட் காவலரை அன்று பார்க்காதவர்கள் குறைவு.

அன்று இரவுக்குள் எல்லாம் நின்றது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27-ம் தேதி வரை இணையத்தை நிறுத்திவைக்க மாநில உள்துறை உத்தரவிட்டது. சமூக வலைதளங்கள் வழியாக வதந்தியும் வன்முறைத் தூண்டுதலும் பரவுகின்றன என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

துப்பாக்கி வெடித்த இடத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆனாலும் இங்கேயும் டவர் இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, நெட் மட்டும் இல்லை. ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்று கடைக்குப் போனவர்களும் உண்டு, போனை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு.

ஒக்கி புயல் கரையோர ஊர்களைச் சிதைத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்கள் தேடிய நாட்களில், தகவலைச் சேர்த்ததும் பகிர்ந்ததும் பெரும்பாலும் போன்கள்தாம். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் கடலோரப் பங்குகள் வீடு வீடாக எடுத்த கணக்கும் வேறு வேறாக இருந்தன. அப்படிக் கணக்கெடுத்துப் பழகிய ஒரு மாவட்டத்தில், கையில் இருக்கிற கருவியை ஓர் உத்தரவால் ஊமையாக்க முடியும் என்பது அந்த மே மாதத்தில்தான் எல்லோருக்கும் உறைத்தது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு போனது. தூத்துக்குடியில் நடந்ததற்கு நெல்லையிலும் குமரியிலும் ஏன் தடை என்று நீதிபதிகள் கேட்டார்கள். அதன் பிறகு இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் இணையம் முதலில் திரும்பியது. தூத்துக்குடி மேலும் காத்திருந்தது.

டிஜிட்டல் உரிமை என்ற சொல் டெல்லிக் கருத்தரங்குகளுக்கு உரியது என்று நினைத்தால், மேலே படித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது வடசேரி பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டுப் போன விஷயம்.

காட்சிகள் எங்கே போயின?

இணையம் நின்ற நாட்களில் போன்களுக்குள் இருந்த வீடியோக்கள் அழிந்துவிடவில்லை. 13 பேர் உயிரிழந்த அந்தச் சம்பவத்தை ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து, 2022 மே மாதம் இறுதி அறிக்கையைக் கொடுத்தது. காவல் துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 

ஆனால், ஒரு வீடியோ ஆதாரமாக நிற்க வேண்டுமானால் அதை எடுத்தவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். களப்பணியாளர்களுக்கான டிஜிட்டல் பயிற்சிகளில் அதிக நேரம் பிடிப்பதும் இந்தப் பகுதிதான்.

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு உட்கார்ந்திருக்கிறது. எந்த போன், எந்த நாள், எத்தனை மணி, லொகேஷன் ஆன் செய்திருந்தால் எந்த இடம் என்பதுவரை அதில் பதிவாகும். மெட்டாடேட்டா என்பது அதன் பெயர். நீதிமன்றத்தில் அது சாட்சி. அதே குறிப்பு தவறான கைக்குப் போனால் படம் எடுத்தவரின் வீட்டு வாசலுக்கு வழிகாட்டும். ஒரே பொருள், ஒரு நேரம் கேடயம், ஒரு நேரம் காட்டிக்கொடுக்கும் ஆள். இந்த முடிச்சை அவிழ்ப்பது எளிதல்ல. ‘எல்லாவற்றையும் அழித்துவிடு’ என்று சொன்னால் ஆதாரம் போய்விடும். ‘எல்லாவற்றையும் வைத்திரு’ என்றால் ஆள் மாட்டிக்கொள்வார்.

நடைமுறையில் செய்வது இதுதான். எடுத்த கோப்பை எடுத்தபடியே வைக்க வேண்டும். ஓரம் வெட்டக் கூடாது, அம்புக்குறி போடக் கூடாது, பாட்டு சேர்க்கவே கூடாது. அதை ஒரு தனி மெமரி கார்டில் நகலெடுத்து, எடுத்தவர் யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஊருக்குக் காட்ட வேண்டிய பிரதி வேறு. அதில் முகங்களை மங்கலாக்கலாம்; 2020 முதல் சிக்னல் செயலியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, உள்ளே இருக்கிற குறிப்புகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் அப்படியே போகும். வக்கீலுக்கு எப்படி அனுப்புவது, குரூப்புக்கு எப்படி அனுப்புவது என்ற வித்தியாசம் இங்கேதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, டிஜிட்டல் ஆதாரத்துடன் சான்றிதழும் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ‘ஹேஷ் மதிப்பு’ எழுத ஓர் இடம் இருக்கிறது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேர வீடியோவில் ஒரு நொடியை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். ‘புரூஃப்மோட்’ போன்ற இலவசச் செயலிகள், படம் எடுக்கும்போதே இந்தக் கைரேகையைச் சேர்த்து வைக்கின்றன. 

நிறைய பேர் ஃபார்வேர்ட் செய்ய அவசரப்படுகிறார்கள். ஆயிரம் பேர் பார்த்த காட்சியின் அசல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஒரு வழக்கை இதைவிட எளிதாகப் பலவீனப்படுத்த முடியாது.

ஒரு வீடு, ஒரு போன், ஒரு பையன்

இப்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். திங்கள்நகர் பக்கம் ஒரு பெண். கணவரிடம் அடி வாங்கி, காயத்தைப் படமெடுத்து, ஊரில் மகளிர் குழு நடத்தும் ஒரு அக்காவுக்கு அனுப்புகிறார். ‘யாருக்கும் காட்டிராதீங்கக்கா’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜும் வருகிறது. அக்கா நம்பிக்கையான ஆள்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆனால், அக்காவின் போன் வாய் திறந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வந்த படம் தானாக கேலரிக்குள் இறங்கியது. கேலரி தானாக கூகுள் போட்டோஸுக்குப் போனது. அதே கணக்கு பிளஸ் டூ படிக்கும் பையனின் டேப்லெட்டிலும் திறந்திருக்கிறது. பையன் படத்தைப் பார்த்து, ‘இது நம்ம... வீட்டு ஆன்ட்டி இல்லையா?’ என்று பாட்டியிடம் கேட்கிறான். பாட்டிக்கு அந்தக் கணவர் வீட்டில் ஒரு சொந்தம். மறுநாள் விஷயம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதில் ஹேக்கர் இல்லை, உளவு மென்பொருள் இல்லை, காவல் துறை இல்லை. அக்காவுக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. இரண்டு செட்டிங்ஸ் மட்டும் கவனிக்கப்படாமல் கிடந்தன.

இதனால்தான் உரிமைப் பணியாளர்களுக்கான பயிற்சி, பாஸ்வேர்டில் தொடங்காமல் ஒரு கணக்கெடுப்பில் தொடங்குவது நல்லது. போனைத் திறந்து, உங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாருடைய முகம், குரல், ஆதார் அட்டை, மருத்துவச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை அதில் இருக்கிறது என்று எண்ணச் சொல்ல வேண்டும். பத்து வருடம் களத்தில் இருப்பவர் என்றால் நூற்றுக்கணக்கில் வரும். அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் நான்கைந்துதான். இதில் எதைக் காக்க வேண்டும்? யாரிடமிருந்து? அவர் கைக்குப் போனால் யாருக்கு என்ன ஆகும்? அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? தடுக்க எவ்வளவு சிரமப்படத் தயார்?

மீனவர் சங்கச் செயலாளருக்கு வரும் பதிலும், பள்ளிக் குழந்தைகளுக்காக வேலை செய்பவருக்கு வரும் பதிலும் ஒன்றாக இருக்காது. கூடங்குளம் போராட்டக் காலத்தை நினைத்துப் பாருங்கள். குமரி எல்லையை ஒட்டிய இடிந்தகரையில் ஊர் திரண்டு நின்ற 2011, 2012-ம் ஆண்டுகளில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பதிவானதாக உண்மை அறியும் குழுக்கள் சொல்லின. அப்போது ஸ்மார்ட்போன் இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. இன்று அப்படி ஒரு கூட்டம் கூடினால், ஊர் வாட்ஸ்அப் குரூப்பின் உறுப்பினர் பட்டியலே ஆயத்த வருகைப் பதிவேடு. இனயம் துறைமுக எதிர்ப்பிலிருந்து கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கான எதிர்ப்பு வரை, மாவட்டத்தில் மக்கள் திரளும் எந்த விஷயத்துக்கும் இன்று குரூப்கள் இருக்கின்றன. அவற்றின் அட்மின் யார், அழைப்பு லிங்க் எங்கெல்லாம் திரிகிறது, உள்ளே இருக்கிற 800 பேரில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? பொது அறிவிப்புக்கு அந்த குரூப் போதும். சாட்சியின் பெயரை அதில் போடக் கூடாது.

சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தை என்றால் போக்சோ சட்டத்திலும் தனிப் பிரிவு இருக்கிறது. ‘நியாயம் கேட்டுத்தான் பகிர்ந்தேன்’ என்பது காப்பாற்றாது.

விராகலூர்க்காரரின் கணினி

வீட்டுக்குள் நடக்கும் கசிவு ஒரு பக்கம். அடுத்தது வேறு உயரத்தில் நடந்தது.

ஸ்டேன் சுவாமி, 1937-ல் திருச்சி மாவட்டம் விராகலூரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடிக்கொண்டிருந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். பீமா கோரேகான் வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் அவரைக் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை வேண்டும் என்று அவர் கேட்டதும், அதற்காகக் காத்திருந்ததும் நாடறிந்த கதை. ஜாமீன் கிடைக்காமலே, 2021 ஜூலை 5-ல் மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

கைதுக்கு இரண்டு நாள் முன்பு அவர் பேசிய வீடியோ ஒன்று இருக்கிறது. விசாரணையில் தன் கணினியிலிருந்து எடுத்ததாகச் சில ஆவணங்களைக் காட்டினார்கள், அவை தன்னுடையவை அல்ல என்று மறுத்தேன் என்கிறார் அதில்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம், குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பு வக்கீல்களுக்காக அவர் கணினியின் நகலை ஆராய்ந்தது. 2022 டிசம்பரில் அதன் அறிக்கை வெளியானது. 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் 12-ல் கணினி கைப்பற்றப்பட்ட நாள் வரை, ஏறக்குறைய ஐந்து வருடம் வெளியாள் ஒருவர் அந்தக் கணினிக்குள் வந்து போய்க்கொண்டிருந்தார், 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் அவருக்குத் தெரியாமல் உள்ளே வைக்கப்பட்டன, அவர் அவற்றைத் திறந்ததற்கான தடயமே இல்லை என்றது அறிக்கை. கைப்பற்றுவதற்கு முந்தைய இரவு, அந்த வெளியாள் தன் தடயங்களை அவசரமாக அழிக்க முயன்றதாகவும் சொன்னது. புலனாய்வு முகமை இத்தகைய தனியார் அறிக்கைகளை ஏற்கவில்லை. எது உண்மை என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டேன் சுவாமி அதைக் கேட்க இல்லை.

அதே வழக்கில் ரோனா வில்சனின் கணினி பற்றி ஆர்சனல் 2021-ல் சொன்னது, எந்தப் பயிற்சியிலும் முதலில் சொல்ல வேண்டிய கதை. 2016 ஜூனில் அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் முகவரி அவருக்கு நன்கு தெரிந்த கவிஞர் வரவர ராவுடையது. இணைப்பைத் திறந்து பாருங்கள் என்று வற்புறுத்தல். திறந்தார். திரையில் சாதாரண ஆவணம் ஒன்று தெரிந்தது. பின்னால் ‘நெட்வயர்’ என்ற மென்பொருள் குடியேறிவிட்டது என்கிறது அறிக்கை. நெட்வயரை அன்று இணையத்தில் யாரும் விலைக்கு வாங்கலாம்.

‘தெரியாதவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதே’ என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதையில் அனுப்பியது தெரிந்தவரின் பெயர். அதனால் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது: இணைப்பு வந்தால், அனுப்பியவரை வேறு வழியில், அதாவது போனில் கூப்பிட்டு, ‘நீங்கதான் அனுப்பினீங்களா’ என்று கேட்பது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே கோப்பு வரும் இந்தக் காலத்தில் இது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

பெகாசஸைப் பற்றிக் கேட்காமல் இப்படியொரு வகுப்பு முடியாது. 2021 ஜூலையில் வெளியான எண் பட்டியலில் தமிழக இயக்கத் தலைவர்கள் சிலரின் எண்களும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பட்டியலில் இருந்தாலே போன் ஊடுருவப்பட்டது என்று அர்த்தமாகாது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து, 5-ல் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று சொல்ல முடியவில்லை என்றது. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக அன்றைய தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே குறிப்பிட்டார். இத்தகைய தாக்குதலைச் சாதாரண ஆள் முழுதாகத் தடுப்பது சிரமம். போனை அப்டேட் செய்து வைப்பது, ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ போடுவது, அவ்வப்போது அணைத்துப் போடுவது ஆகியவை உள்ளே நுழைபவரின் வேலையைக் கடினமாக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

உளவு மென்பொருளுக்கு ஆர்வலர், அரசு நிறுவனம் என்ற பேதம் கிடையாது என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீய மென்பொருள் என்று தகவல் பரவியது. முதல் நாள் மறுப்பு. மறுநாள், அக்டோபர் 30-ல், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் இருந்தது உண்மைதான், அணு உலையை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று அணுமின் கழகமே அறிவித்தது.

கதவைத் தட்டினால்...

போனைக் கொடு என்று காவல் துறை கேட்கும்போது என்ன செய்வது? வகுப்பில் அறை அமைதியாகும் இடம் இது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஆடியோ, வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கைப்பற்றிய பொருட்களின் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். அதில் போனின் மாடலும் ஐ.எம்.இ.ஐ எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைரேகை என்று மேலே சொன்ன ஹேஷ் மதிப்பை அப்போதே பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதும் முக்கியம். பிற்பாடு உள்ளே எதுவும் சேர்க்கப்படவில்லை என்று நிரூபிக்க இரு தரப்புக்கும் அது உதவும். பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவு ஒரு பக்கம். புலன்விசாரணைத் தேவை மறுபக்கம். பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கைப்பற்ற வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசிடம் சொன்னது. வக்கீல் வரும் வரை வம்பும் வேண்டாம், வாக்குமூலமும் வேண்டாம்.

ஒரு சின்ன யோசனை: முக்கியமான இடங்களுக்குப் போகும் முன் விரல் ரேகைப் பூட்டை விட்டுவிட்டு நீளமான எண்ணுக்கு மாறிவிடுங்கள். விரலைப் பிடித்து வைப்பது எளிது. மனசில் இருக்கிற எண்ணைப் பிடுங்குவது கடினம்.

போனில் இருப்பது குறைவாக இருந்தால் போவதும் குறைவாக இருக்கும். சிக்னலில் மறைந்துபோகும் மெசேஜ்களை வைக்கலாம். வாட்ஸ்அப் உரையாடல் மறையாக்கம் செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டு போட வேண்டும், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது, பலர் அதை இயக்கியதில்லை. ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலை செய்யும் இடத்தில் திறந்துவிட்டு மறந்த வாட்ஸ்அப் வெப், எத்தனையோ குடும்பச் சண்டைகளுக்கும் காரணம்.

தமிழில் சொன்னால்தான் புரியும்

இந்தப் பாடங்களை எங்கே கற்பது? டெல்லியில் இயங்கும் எஸ்.எஃப்.எல்.சி அமைப்பு, பத்திரிகையாளர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் டிஜிட்டல் பாதுகாப்புப் பயிற்சி தருகிறது. நாட்டின் இணைய முடக்கங்களையும் கணக்கெடுத்து வருகிறது. டப்ளினைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிரன்ட் லைன் டிஃபெண்டர்ஸ், உரிமைப் பணியாளர்களுக்காகவே பாதுகாப்புக் கையேடுகளை வெளியிடுகிறது. ஆக்சஸ் நவ் அமைப்பின் உதவி மையம் 24 மணி நேரமும் இலவசம். தமிழகத்தில் மதுரை மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் தொண்ணூறுகளிலிருந்தே மனித உரிமைக் கல்வியைப் பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுபோனவை.

ஆனால் டிஜிட்டல் பாதுகாப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டத்தில்கூட, ‘என்கிரிப்ஷன்’ என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் வெளியே டீ குடிக்கப் போய்விடுவார்கள். ‘எஸ்.எம்.எஸ் என்பது போஸ்ட்கார்டு, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறையாக்கம் என்பது ஒட்டிய கவர்’ என்று சொன்னால் எழுபது வயது மீனவத் தாயும் பிடித்துக்கொள்வார். கவர் ஒட்டியிருந்தாலும், யாருக்கு, எப்போது, எத்தனை முறை கடிதம் போனது என்று தபால்காரருக்குத் தெரியும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பெண் பணியாளர்களுக்குத் தனியாக ஓர் அமர்வு தேவைப்படுகிறது. பொதுவெளியில் பேசும் பெண்ணை அடக்க, படத்தை மார்ஃபிங் செய்து பரப்புவதுதான் இன்றைய மலிவான ஆயுதம். ஸ்கிரீன்ஷாட்டோடு அந்தப் பதிவின் முகவரியையும் எடுத்து வைத்து, 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ புகார் கொடுக்கலாம். அந்தப் பதிவுகளைத் தினமும் அவரே படித்து நொறுங்க வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒரு தோழி படித்து, சேகரித்துக் கொடுக்கலாம்.

சட்டங்கள் வேறு மாறிக்கொண்டே இருக்கின்றன. 2015 மார்ச் 24-ல் 66-ஏ பிரிவு செல்லாது என்றான பிறகும், சில காவல் நிலையங்களில் வருடக்கணக்கில் அதில் வழக்கு பதிவானது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், விடுதி மாணவி ஒருவர் போன் பயன்படுத்தக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து வழக்குப் போட, இணைய வசதி கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு மாற்றப்பட்டது. தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் மனுவைத் தள்ளுவது இனி எளிதாகும் என்பது ஆர்வலர்களின் கவலை. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலேயே அதை எழுதிக் கேட்கப் பழக வேண்டும்.

மீண்டும் நெட் நின்றால்?

2018-ல் குமரி மக்களுக்குத் தெரியாத ஒன்று இன்று கையில் இருக்கிறது. காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது, நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று சொன்னது. 2024-ல் வந்த புதிய விதிகளின்படி ஓர் உத்தரவு 15 நாட்களைத் தாண்டக் கூடாது. ஆக்சஸ் நவ் கணக்கில், 2018 முதல் தொடர்ந்து உலகில் அதிக முடக்கங்கள் நடந்த நாடு இந்தியாதான். 2024-ல் மியான்மர் 85, இந்தியா 84. ஒன்றில்தான் முதலிடம் தவறியது!

எனவே நெட் நின்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, நேரத்தைக் குறிப்பது. எந்த ஊர், எந்த நிறுவன சிம், எத்தனை மணிக்கு நின்றது, கால் போகிறதா, எஸ்.எம்.எஸ் போகிறதா என்று எழுதி, திரையைப் படமெடுத்து வைத்தால் அது பிற்பாடு வழக்குக்கு உதவும். உத்தரவின் நகலை உள்துறையிடம் கேட்கலாம். இணையமே இல்லாமல் ப்ளூடூத், வைஃபை வழியாகப் பக்கத்து போனுக்குச் செய்தி அனுப்பும் ‘பிரையர்’ போன்ற செயலிகளை முன்பே இறக்கி வைக்க வேண்டும். நின்ற பிறகு ப்ளே ஸ்டோரும் திறக்காது.

கடைசியாக ஒரு பயிற்சி. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஐந்து பேரின் எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டும். வக்கீல், சங்கத்து ஆள், பக்கத்து ஊர் நண்பர், டாக்டர், வீடு. எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் இப்போதே முயன்று பார்க்கலாம். நிறைய பேருக்குப் பேனா நின்றுபோவது ஐந்தாவது எண்ணில்தான். சொந்த வீட்டு எண்ணே மனப்பாடமாக இருக்காது.